உப்பு ஆபீசர் வீட்டுச் சாப்பாடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் சாப்பாட்டில் வந்துதான் நிற்கிறது. யாருக்கு எத்தனை மாத்திரை, யார் அரிசியை விட்டுவிட்டார், யார் வீட்டு மருமகள் ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைக்கிறாள் என்று. போன மாதம் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா ஒரு தாளைக் கையில் கொடுத்தார். கீரை, பயறு, கொண்டைக்கடலை, காய், பழம். உப்பு பாதிக்கும் கீழே. கருவாடு கூடவே கூடாது. "மொதல்ல கஷ்டமா இருக்கும்மா, அப்புறம் பழகிடும்" என்றார்.

எனக்கு அந்தத் தாள் புதிதாக இல்லை. என் பத்து வயதில், மரக்காணத்தில், பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் வருஷம் முழுக்க அதைத்தான் சாப்பிட்டது. தை மாதத்தில் குடிவந்தார்கள். அடுத்த மார்கழியில் போய்விட்டார்கள். அந்த வருஷம் அவர்களைப் பற்றி ஊர் பேசியதும், எங்கள் வீடு செய்ததும் என் மனத்தில் அப்படியே கிடக்கின்றன. பிள்ளைகளிடம் சொன்னால் சமையல் கதையாகக் கேட்பார்கள். உங்களிடம் சொல்கிறேன்.

அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, கிணறு ஒன்று. அந்த வீட்டுக்கு உப்பளங்களைப் பார்க்கும் சர்க்கார் அதிகாரி ஒருவர் வந்தார். ஊர் அவரை உப்பு ஆபீசர் என்றது. அவர், அவர் மனைவி, என் வயதில் ஒரு பெண். கொச்சிக்காரர்கள். தங்களுக்குள் மலையாளம் பேசினார்கள். மெட்ராஸில் பல வருஷம் இருந்ததால் எங்களோடு நல்ல தமிழ் பேசினார்கள். வந்த அன்றே ஆபீசர் அப்பாவிடம், "நாங்க யூதருங்க சார். கொச்சியில எங்க ஆளுங்க இன்னும் கொஞ்சம் பேரு இருக்காங்க. இந்தப் பக்கம் நாங்க மட்டுந்தான்" என்றார்.

யூதர் என்ற சொல்லை நாங்கள் பெரிய வெள்ளிக்கிழமை வாசகத்தில் மட்டுமே கேட்டிருந்தோம். ஞானோபதேச வகுப்பில் ஒரு பெண் எழுந்து, என்னைக் காட்டி, அந்த வீட்டுப் பிள்ளையோடு இவள் சேரலாமா என்று கேட்டாள். அங்கே வந்திருந்த பங்குச் சாமியார் அவளை உட்காரச் சொன்னார். "ஆண்டவரும் அவங்க வீட்டுப் புள்ளதாம்மா. மாதாவும்தான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் வேறு பேச்சு ஆரம்பித்தது.

அதற்கு வித்திட்டது என் அம்மாதான். குடிவந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று ஒரு கூடை உமரிக்கீரை கொண்டுபோனாள். அளத்து ஓரங்களில் தானாக முளைக்கிற கீரை அது. கிள்ளி வாயில் போட்டாலே உப்புக் கரிக்கும். பருப்போடு கடைந்தால் உப்பே சேர்க்க வேண்டாம். ஆபீசர் மனைவி கூடையை வாங்கி, ஒரு தண்டைக் கடித்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். "தப்பா நெனக்காதீங்க வாத்தியாரம்மா. இது எங்களுக்கு ஆகாது."

அம்மா முகம் சிவக்கத் திரும்பி வந்தாள். "நம்ம கையால வாங்கித் தின்னா அவங்களுக்குக் கொறச்சலாம்" என்றாள்.

அந்த வீட்டில் கறி சமைப்பதில்லை. கிணற்றடியில் அம்மா கேட்டே விட்டாள். ஆபீசர் மனைவி வாளியை இறக்கியபடி சொன்னாள். "எங்க முறப்படி அறுக்கறதுக்கு இங்க ஆளு இல்லீங்க. அதான் விட்டுட்டோம்."

"மீனு தின்னலாம் இல்ல?"

"செதிலு இருக்கறது தின்னலாம். நாங்க வாங்கறதில்ல."

கடற்கரை ஊரில், சர்க்கார் சம்பளக்காரர் வீட்டில், மீன் வாங்குவதில்லை. எங்கள் தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. கஞ்சத்தனம் என்றார்கள். புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்றார்கள். ஆபீசர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தது உண்மை. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். "தவக்காலம் நமக்கு நாப்பது நாளு. அந்த மனுஷனுக்கு வருசம் பூரா" என்பாள் அம்மா.

நான் அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவள். பட்டினியாக எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் அந்த அம்மா சமையலை முடித்துவிடுவாள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் கொண்டைக்கடலை, கத்தரிக்காய், முழுப்பூண்டு, சீரகம் எல்லாம் போட்ட மண்சட்டியின் மூடியை மாவால் ஒட்டி, சவுக்கு விறகுத் தணலில் புதைத்துவிடுவாள். மறுநாள் மத்தியானம் திறக்கும்போது கடலை வெண்ணெய் போல நசுங்கும். அந்த வாசனை நடுச்சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். கண்ணாடிக் குவளையில் தேங்காயெண்ணெய் ஊற்றி ஏற்றிய விளக்கு அதுவரை எரிந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு குவளையைப் பிறகு எத்தனையோ கடைகளில் தேடியிருக்கிறேன்.

மரங்களுக்கு என்று அவர்களுக்கு ஒரு நாள் உண்டு. வந்த புதிதிலேயே அது வந்தது. இலந்தை, கொய்யா, சப்போட்டா, பேரீச்சை, முந்திரி என்று பதினைந்து வகை தேடினோம். பதினான்குதான் கிடைத்தது. பதினைந்தாவதாக ஆபீசர் ஒரு பனங்கிழங்கை வைத்து, "இதுவும் மரம் குடுத்ததுதானே" என்றார்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த வாரம் அவர்களுடைய பெஸஹா. நாம் பாஸ்கா என்பது. அதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வெள்ளை அடித்து, பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக் குயவரிடம் புதுச்சட்டிகள் வாங்கினார்கள். நானும், அதற்குள் என் தோழியாகிவிட்ட அந்த வீட்டுப் பெண்ணும் முற்றத்தில் உட்கார்ந்து அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினோம். பெஸஹா அன்று சாயங்காலம் அம்மா என்னை அனுப்பினாள். "கறியில்லாத வீடுதானே, தவக்கால ஒருசந்தி ஒண்ணும் முறியாது. போய்ட்டு வா."

புளிக்காத ரொட்டி, முந்திரியும் பாதாமும் இடித்துப் போட்ட பேரீச்சம்பாகு, கசப்புக்குப் பாகற்கொழுந்து, கொத்தமல்லிக் கட்டு, ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர். "எங்க முன்னோருங்க எகிப்துல அடிமையா கெடந்து அழுத கண்ணீரு, பாப்பா" என்று ஆபீசர் எனக்கு விளக்கினார். கொத்தமல்லியை அதில் தோய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தோய்க்கக் கையை நீட்டியபோது அவர் மனைவி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உப்பு ஆபீசர் வீட்ல உப்புக்குப் பஞ்சம்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் மேல் உண்மையாக இரக்கப்பட்டவர் என் அப்பா. மாசி மாதத்திலிருந்தே சனிக்கிழமைகளில் ஆபீசரைப் பேப்பர் படிக்க எங்கள் வீட்டுக்கு அழைக்கத் தொடங்கியிருந்தார். முதல் நாள் அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஆபீசர் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார். "சார், செதிலு உள்ள மீனுதான். உங்க முறைக்கு ஒண்ணும் கெடையாதே" என்றார் அப்பா.

"முறைக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார் ஆபீசர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கொஞ்சமா போடச் சொல்லுங்க" என்றார்.

அவர் சாப்பிட்டதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கருவாட்டின் முள்ளைக்கூடச் சப்பி, கடைசியில் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மனிதனுக்கு வயிறாரச் சோறு போட்ட திருப்தி அவளுக்கு. அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் கருவாடு, அல்லது உப்புக்கண்டம் போட்ட வஞ்சிரம், மாங்காய் ஊறுகாய், அப்பளம். பெஸஹா வாரத்தில் மட்டும் அவர் வரவில்லை.

எனக்கும் ஒரு வேலை தரப்பட்டது. "அந்தப் பொண்ண அழைச்சுகிட்டு கெணத்தாண்ட போயி வெளையாடு. உள்ள வரவுடாத" என்பாள் அம்மா. ஒருநாள் என் தோழி கேட்டாள், "எங்கப்பா உங்க வீட்ல இன்னா சாப்புடறாரு?"

"மோரு" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கல்லாங்காயைத் தூக்கிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்ததும் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். கோடை முழுக்க மாங்காயும் கல்லுப்பும் கேட்பாள். உப்பை விரலில் தொட்டு நக்குவாள். "சனிக்கெழமைக்கு அப்புறம் மூணு நாளு எங்க வீட்ல உப்பே இருக்காது" என்பாள். அதைக் கேட்ட அம்மா அடுப்படியிலிருந்தே, "பச்சப் புள்ளைக்குக்கூட உப்பு போடாம. இன்னா பொம்பளையோ" என்பாள். உப்பு குவிந்து கிடக்கிற ஊரில் ஒரு பெண் ஏன் உப்பைக் குறைக்கிறாள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெயில் ஏற ஏற அளம் வெளுத்தது. பாத்தி வரப்புகளில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசின. ஆபீசர் தொப்பியோடு அங்கே நின்றுகொண்டிருப்பதைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்ப்போம். சில நாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். எங்களைக் கண்டால் அந்தக் கையை எடுத்து ஆட்டுவார்.

புரட்டாசியில் அவர்களுக்குப் புதுவருஷம் வந்தது. பூசணி, காராமணி, கீரை, பேரீச்சை, மாதுளை, தேன். ஒவ்வொன்றையும் எடுத்து, வரும் வருஷத்துக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்கள். எங்களுக்கும் ஒரு தட்டு நிறைய வந்தது. "பூசணிக்காய அனுப்பியிருக்கா, பெரிய விருந்தாட்டம்" என்று அம்மா அதைக் கோழிகளுக்குப் போட்டாள். நான் மாதுளையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அடுத்து அவர்களுடைய பெரிய ஒருசந்தி நாள் வந்தது. பிறகு முற்றத்தில் தென்னங்கீற்றால் ஒரு குடில் கட்டி அதில் ஒரு வாரம் சாப்பிட்டார்கள். குடிலைப் பிரித்த மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. மழை நாளுக்கு ருசியாக இருக்கும் என்று அம்மா கருவாட்டை வறுத்திருந்தாள். ஆபீசர் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்படியே சரிந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "சார், வீட்ல சொல்லாதீங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றார். அப்பா கேட்கவில்லை. உப்பு ஆபீஸ் ஜீப்பை வரவழைத்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார். அவர் மனைவியும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். போகும் முன் எங்கள் அடுப்படிக் கதவு வழியே உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். தட்டு இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவைத் தனியே அழைத்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறார். அப்பா சொல்லியிருக்கிறார். "ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவருங்க இவரு. உப்பு விஷம்னு மெட்ராஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாராம்.

தெரியாது. இலாகாவுக்குத் தெரிந்தால் அளத்து வேலையிலிருந்து எடுத்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆபீசர் தன் மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்த அம்மா கஞ்சப் பேர் வாங்கிக்கொண்டு சத்தியத்தைக் காப்பாற்றினாள். கறியும் மீனும் விட்டது, கீரையும் பயறும் காயுமாகப் பண்டிகைகளை நடத்தியது, எல்லாம் அவருடைய மார்புக்காக.

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

கொச்சிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் எங்கள் ஊருக்கே கொண்டுவந்தார்கள். தெற்கே போகும் சாலைகளில் வெள்ளம் ஓடியது. சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் முறை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருந்த மேட்டு நிலத்தைப் பங்குச் சாமியார் கொடுத்தார். ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்று அந்த அம்மா யாரிடமோ சொன்னது அப்பா காதில் விழுந்திருக்கிறது. அவர் மழையில் நனைந்துகொண்டே போய் அளத்து ஆட்களையும் வாத்தியார்களையும் திரட்டித் தன்னோடு பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினார். அந்தப் பத்துப் பேரும் யூதர்களாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த அம்மா அதைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு அப்பாவிடம், "உங்க பைபிள்ல சங்கீதம் இருக்குதுங்களே, அது எங்களுதுந்தான். படிங்க சார்" என்றாள். அப்பா படித்தார்.

அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா அடுப்படி மூலையில் முடங்கிக்கொண்டாள். அப்பா டாக்டர் சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. அப்போது என் தோழி வந்து வாசலில் நின்றாள். "அம்மா உங்கள வரச் சொன்னாங்க."

நானும் கூடப் போனேன். அந்த அம்மா வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு அவர்கள் முறைப்படி புடவை முந்தானையில் ஒரு முழம் கிழித்துவிட்டிருந்தாள். "வாத்தியாரம்மா, எங்க முறையில அடக்கம் பண்ணிட்டு வந்து சாப்புடற மொத சாப்பாடு எங்க அடுப்புல ஆவக் கூடாது. பக்கத்து வீட்லேர்ந்து வரணும். பயறு மாதிரி உருண்டையா ஏதாவது. நீங்க செஞ்சு கொண்டாங்க."

அம்மா அப்படியே அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயா? என் கையாலதாங்க அவரு... வாராவாரம் நாந்தாங்க கருவாடு..."

"தெரியும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"மாசியிலேர்ந்தே தெரியும். சட்டையில வாசன வரும். கைய மோந்து பாக்காமலே தெரியும்." அந்த அம்மா நிதானமாகச் சொன்னாள். "சொல்லி நிறுத்தியிருக்கலாம். நெறய தரம் வாய் வரைக்கும் வந்துச்சு. சனிக்கெழம உங்க வீட்லேர்ந்து வரும்போது அவரு பாட்டு பாடிகிட்டு வருவாரு. வேற எங்கயும் அவரு அப்பிடி போயி உக்கார மாட்டாரு. அடுத்த மூணு நாளு நான் உப்ப நிறுத்திடுவேன். அப்பிடியே சரிக்கட்டிடலாம்னு நெனச்சேன். எம் பொண்ணையும் சேர்த்துப் பத்தியம் போட்டேன். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

வெளியே மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. என் தோழி என் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் அவளிடம், "மோருன்னு பொய் சொன்னேன்" என்றேன். அவள், "அப்பா சட்டைய நாந்தான் ஊற வெப்பேன்" என்றாள்.

அம்மா எழுந்து வந்து முழுப் பச்சைப்பயறை வேகவைத்தாள். இறக்கும்போது உப்பு ஜாடியைத் திறந்து, மூடி, உப்பில்லாமலே கொண்டுபோனாள். அந்த அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு, "உப்பு போட்டுக் கொண்டாங்க. புள்ள சாப்புடட்டும்" என்றாள். அம்மா சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு போய் உப்பு எடுத்துவந்தாள்.

அவர்கள் துக்கம் காத்து ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு நாளும் அம்மாதான் சமைத்துக் கொண்டுபோனாள். அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தாள்: எந்தக் கீரைக்குப் பூண்டு, எதற்கு எலுமிச்சை பிழிந்தால் உப்பு தேடாது, கடலையை எப்படித் தணலில் வைப்பது, எந்த மாதத்துக்கு எந்தப் பயறு. கொச்சியிலிருந்து அவளுடைய தம்பி வந்து சேர நாலு நாள் ஆயிற்று. கடைசி நாளன்று அந்த அம்மா, "வாத்தியாரையும் ஒரு தடவ டாக்டரண்ட காட்டுங்க. ஜீப்புல வரும்போது அவருக்கும் மூச்சு வாங்கிச்சு" என்றாள். காட்டினோம். அப்பாவுக்கும் ரத்த அழுத்தம் இருந்தது, மோசமான அளவில்.

மார்கழியில் அவர்கள் கொச்சிக்குப் போனார்கள். அங்கிருந்து வெளிநாடு போய்விட்டதாக ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அம்மா பைபிளுக்குள் வைத்திருந்தாள். வீடு மாறியபோது எப்படியோ தொலைந்துவிட்டது. பதில் எழுதுவதற்கு விலாசம் அதில்தான் இருந்தது.

அப்பா எண்பத்து நாலு வயது வரை இருந்தார். அந்த ஐப்பசியிலிருந்து கடைசி வரை அவர் சாப்பிட்டது பயறும் கீரையும் காயும்தான். எங்களுக்காக வீட்டில் மீன் சமைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் தன் தட்டோடு கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாளும் உப்புப் போதவில்லை என்று சொன்னதில்லை. அது பத்தியமா, தண்டனையா என்று அம்மா அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.